டெல்லா, ஹெச்பியா? போட்டிக் கணினி நிறுவனங்களின் பங்குகளை எடைபோடும் முறை

கடையில் அருகருகே வைக்கப்பட்டிருக்கும் டெல் மடிக்கணினியும் ஹெச்பி மடிக்கணினியும் ஏறத்தாழ ஒரே விலையில், ஒரே வகைச் சில்லுடன், ஒரே விண்டோஸுடன் விற்கப்படுகின்றன. அதனாலேயே இவ்விரு நிறுவனங்களின் பங்குகளும் ஒன்றுக்கொன்று மாற்று என்று புதிதாக முதலீடு செய்ய வருகிறவர்கள் எண்ணிவிடுகிறார்கள். எந்தப் பங்கின் பி.இ. விகிதம் (பங்கின் விலையை ஒரு பங்குக்கான லாபத்தால் வகுத்தால் வருவது) குறைவாக இருக்கிறதோ அதை வாங்கினால் போதும் என்ற முடிவுக்கும் விரைவில் வந்துவிடுகிறார்கள். இந்த முறை தவறானது. ஒரே பொருளை விற்கும் இரண்டு நிறுவனங்கள் முற்றிலும் வேறுபட்ட வழிகளில் பணம் ஈட்டலாம். அப்படியிருக்க, விலையை முதலில் ஒப்பிடுவதில் பயனில்லை. லாபம் எங்கிருந்து வருகிறது, அது ரொக்கமாக மாறுகிறதா, கடன் எவ்வளவு, அதிகாரம் யாரிடம் என்ற கேள்விகளுக்கு விடை கண்ட பிறகே விலைக்கு வர வேண்டும்.

இந்த வரிசையை டெல், ஹெச்பி ஆகிய இரண்டையும் எடுத்துக்கொண்டு படிப்படியாக விளக்குகிறேன். இங்கே காட்டப்படும் கணக்குகள் பெரும்பாலும் 2024ஆம் ஆண்டை ஒட்டியவை. நீங்கள் முடிவெடுக்கும்போது அண்மைய அறிக்கையின் எண்களை அதே இடங்களில் பொருத்திக்கொள்ளுங்கள்.

முதல் படி: சரியான நிறுவனத்தையும் சரியான ஆண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்

ஹெச்பி என்ற பெயரில் இன்று இரண்டு நிறுவனங்கள் அமெரிக்கச் சந்தையில் இருக்கின்றன. பழைய ஹியூலெட்-பேக்கர்ட் 2015 நவம்பர் 1 அன்று இரண்டாகப் பிரிந்தது. கணினியும் அச்சுப்பொறியும் ஹெச்பி இன்க் நிறுவனத்துக்குச் சென்றன. சர்வர்கள், சேமிப்புக் கருவிகள், பெருநிறுவனச் சேவைகள் ஆகியவை ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் என்ற தனி நிறுவனமாயின. முதலாவதன் சந்தைக் குறியீடு ஹெச்.பி.கியூ, இரண்டாவதன் குறியீடு ஹெச்.பி.இ. ஒன்றை வாங்க நினைத்து மற்றொன்றை வாங்கிவிடும் வாய்ப்பு உண்மையிலேயே இருப்பதால், பங்கு வாங்கும் செயலியில் பெயரை மட்டும் பார்க்காமல் குறியீட்டையும் சரிபார்த்துவிட வேண்டும். 2015க்கு முந்தைய ஹெச்பியின் கணக்குகளை இன்றைய கணக்குகளோடு நேரடியாக ஒப்பிடுவதும் பொருந்தாது.

அடுத்தது நிதியாண்டு. ஹெச்பியின் நிதியாண்டு அக்டோபர் 31இல் முடிகிறது. டெல்லின் நிதியாண்டு ஜனவரி இறுதியில் முடிகிறது. ஆகவே டெல் ‘2025 நிதியாண்டு’ என்று குறிப்பிடுவது 2024 பிப்ரவரி முதல் 2025 ஜனவரி வரையிலான காலம். ஹெச்பியின் ‘2024 நிதியாண்டு’ 2023 நவம்பர் முதல் 2024 அக்டோபர் வரையிலானது. இந்த இரண்டையும்தான் ஒன்றுக்கொன்று எதிரே வைக்க வேண்டும். ஆண்டு எண் ஒன்றாக இருக்கிறதே என்று டெல்லின் 2024ஐ ஹெச்பியின் 2024க்கு எதிரே வைத்தால், ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் விலகிய இரண்டு காலங்களை ஒப்பிட்டவர்களாவோம். கணினி விற்பனை வேகமாக ஏறி இறங்கும் தொழில் என்பதால் இந்த விலகல் முடிவையே புரட்டிவிடக்கூடும். லெனோவோவையும் சேர்த்துப் பார்க்க விரும்புகிறவர்கள், அதன் நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது என்பதையும் அது ஹாங்காங் சந்தையில் பட்டியலிடப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: லாபம் எந்தப் பிரிவிலிருந்து வருகிறது என்று பாருங்கள்

அமெரிக்கப் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டுதோறும் 10-கே என்ற விரிவான அறிக்கையை அந்நாட்டுப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையத்திடம் தாக்கல் செய்கின்றன. ஆணையத்தின் எட்கர் தளத்தில் அதைக் கட்டணமின்றிப் படிக்கலாம். நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் அந்த அறிக்கையில் புதியவர் முதலில் தேட வேண்டியது பிரிவுவாரி வருமானமும் லாபமும் உள்ள அட்டவணையை. நிறுவனத்தின் உண்மையான முகம் அங்கேதான் தெரிகிறது.

ஹெச்பியின் 2024 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம். மொத்த வருமானம் ஏறத்தாழ 53.6 பில்லியன் டாலர் (ஒரு பில்லியன் என்பது 100 கோடி). அதில் கணினிப் பிரிவின் பங்கு சுமார் 36 பில்லியன், அச்சுப் பிரிவின் பங்கு சுமார் 17 பில்லியன். இதோடு நிறுத்திக்கொண்டால் ஹெச்பி ஒரு கணினி நிறுவனம் என்றே தோன்றும். ஆனால் கணினிப் பிரிவின் இயக்க லாப வரம்பு, அதாவது விற்பனையில் தொழிலின் லாபமாக நிற்கும் விகிதம், சுமார் 6 விழுக்காடு. அச்சுப் பிரிவின் வரம்பு சுமார் 19 விழுக்காடு. பெருக்கிப் பார்த்தால் கணினியிலிருந்து 2 பில்லியனுக்குச் சற்று மேலும், அச்சிலிருந்து 3 பில்லியனுக்கு மேலும் லாபம் வருகிறது. மூன்றில் ஒரு பங்கு விற்பனை, ஐந்தில் மூன்று பங்கு லாபத்தைத் தருகிறது. அந்த அச்சுப் பிரிவுக்குள்ளும் வருமானத்தின் பெரும்பகுதி அச்சுப்பொறியிலிருந்து வருவதில்லை, மையும் டோனரும் விற்பதிலிருந்து வருகிறது. ஆக, ஹெச்பி பங்கை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது, அலுவலகங்களும் வீடுகளும் இன்னும் எவ்வளவு காலம் காகிதத்தில் அச்சிட்டுக்கொண்டிருக்கும், அவர்கள் அசல் மை வாங்குவார்களா, மலிவான மாற்று மைக்கு மாறிவிடுவார்களா என்ற கேள்விக்கான ஒரு விடையைத்தான்.

இனி டெல். 2025 நிதியாண்டில் மொத்த வருமானம் ஏறத்தாழ 95.6 பில்லியன் டாலர். மேசைக் கணினிகளும் மடிக்கணினிகளும் அடங்கிய பிரிவு சுமார் 48 பில்லியன். சர்வர், சேமிப்பு, வலையமைப்பு ஆகியவை அடங்கிய உள்கட்டமைப்புப் பிரிவு சுமார் 44 பில்லியன். கணினிப் பிரிவின் இயக்க லாப வரம்பு இங்கும் ஹெச்பியைப் போலவே சுமார் 6 விழுக்காடுதான். மடிக்கணினி என்ற பொருளில் இருவருக்கும் இடையே லாபத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்பது இதிலிருந்து விளங்கும். உள்கட்டமைப்புப் பிரிவின் வரம்பு சுமார் 13 விழுக்காடு. அது ஈட்டியது ஏறத்தாழ 5.6 பில்லியன், கணினிப் பிரிவு ஈட்டியது ஏறத்தாழ 3 பில்லியன். டெல்லின் கணினி விற்பனையிலும் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நிறுவனங்களுக்கும் அரசு அமைப்புகளுக்கும் செல்கிறது. கடையில் நாம் பார்க்கும் மடிக்கணினி அதில் சிறிய பகுதி.

இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்தால் ஒப்பீட்டின் தன்மையே மாறிவிடுகிறது. ஒருவருடைய லாபம் மையிலிருந்து வருகிறது, மற்றவருடையது சர்வரிலிருந்து வருகிறது. புதியவர்கள் மற்ற எல்லாப் படிகளையும் தவிர்த்தாலும் இந்த ஒன்றைத் தவிர்க்கக் கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மூன்றாம் படி: நான்கைந்து ஆண்டு வருமானத்தை ஒரே வரியில் எழுதுங்கள்

ஓராண்டு எண் எதையும் சொல்லாது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டிலிருந்து வேலையும் படிப்பும் நடந்ததால் உலகெங்கும் கணினி விற்பனை எகிறியது. பிறகு அதே வேகத்தில் சரிந்தது. ஹெச்பியின் வருமானம் 2021, 2022 நிதியாண்டுகளில் 63 பில்லியனை ஒட்டி இருந்து, 2023இலும் 2024இலும் 54 பில்லியனுக்கு அருகே இறங்கியது. டெல்லின் வருமானம் 2023 நிதியாண்டில் 102 பில்லியனைத் தாண்டி, அடுத்த ஆண்டு 88 பில்லியனாகக் குறைந்து, பின்னர் 95.6 பில்லியனுக்கு மீண்டது. இருவரும் ஒரே பள்ளத்தில் இறங்கினார்கள். ஏறி வந்த அளவில்தான் வேறுபட்டார்கள். அந்த ஏற்றத்துக்குக் காரணம் செயற்கை நுண்ணறிவுக்கான சர்வர்கள். டெல்லின் சர்வர், வலையமைப்பு விற்பனை ஓராண்டில் சுமார் 17.6 பில்லியனிலிருந்து 27 பில்லியனுக்கு உயர்ந்தது.

இந்த வளர்ச்சியைப் பார்த்து மயங்குவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தகைய சர்வரின் விலையில் பெரும்பகுதி என்விடியாவின் சில்லுகளுக்குப் போய்விடுகிறது. வாங்குகிறவர்களும் செயற்கை நுண்ணறிவுத் துறையின் கோர்வீவ், எக்ஸ்ஏஐ போன்ற பெரிய, பேரம் பேசும் வலிமையுள்ள சிலர். சர்வர் தயாரிப்பாளரான சூப்பர்மைக்ரோவும் ஹியூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸும் இதே வாடிக்கையாளர்களுக்காகப் போட்டியிடுகின்றன. எனவே விற்பனை உயரும்போதே லாப வரம்பு குறையும் நிலை இங்கே இயல்பானது. ஒவ்வொரு காலாண்டிலும் வருமான வளர்ச்சிக்குப் பக்கத்தில் இயக்க லாப வரம்பையும் எழுதிக்கொண்டு வந்தால்தான் வளர்ச்சியின் பயன் பங்குதாரருக்குக் கிடைக்கிறதா என்பது தெரியும்.

நான்காம் படி: லாபம் ரொக்கமாக மாறுகிறதா?

லாப நட்டக் கணக்கில் காட்டப்படும் லாபமும் வங்கிக் கணக்கில் சேரும் பணமும் ஒன்றல்ல. செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கத்திலிருந்து இயந்திரங்கள், கட்டடங்கள் முதலியவற்றுக்கான மூலதனச் செலவைக் கழித்தால் கிடைப்பதே கையில் மிஞ்சும் ரொக்கம். ஹெச்பி 2024 நிதியாண்டில் சுமார் 2.8 பில்லியன் நிகர லாபம் ஈட்டியது; செயல்பாட்டு ரொக்கம் சுமார் 3.7 பில்லியன், மிஞ்சிய ரொக்கம் சுமார் 3.3 பில்லியன். அதில் ஏறத்தாழ 3.2 பில்லியனை டிவிடெண்டாகவும் (லாபப் பங்கீடு) பங்குகளைத் திரும்ப வாங்கியும் பங்குதாரர்களுக்கே அது திருப்பிக் கொடுத்துவிட்டது.

டெல்லின் கணக்கு வேறு விதமாக ஓடியது. 2025 நிதியாண்டில் நிகர லாபம் உயர்ந்து சுமார் 4.6 பில்லியனாயிற்று. ஆனால் செயல்பாட்டு ரொக்கம் முந்தைய ஆண்டின் 8.7 பில்லியனிலிருந்து 4.5 பில்லியனாகக் குறைந்தது. லாபம் ஏறும்போது ரொக்கம் பாதியாகக் குறைவது எப்படி? சொத்துகளையும் கடன்களையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் சரக்கிருப்பு என்ற வரியைப் பார்த்தால் விடையின் ஒரு பகுதி கிடைக்கும்: அது ஓராண்டில் சுமார் 3.6 பில்லியனிலிருந்து 6.7 பில்லியனுக்கு ஏறியிருந்தது. விலையுயர்ந்த சில்லுகளை முன்கூட்டியே வாங்கி, சர்வராகச் சேர்த்து, அனுப்பி, பணம் வசூலாகும்வரை அந்தத் தொகை முடங்கிக் கிடக்கிறது. தொழில் வளரும்போது இப்படி நேர்வது குறையென்று சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சரக்கு விற்று ரொக்கமாகத் திரும்பியதா என்பதை அடுத்தடுத்த அறிக்கைகளில் தொடர்ந்து பார்ப்பது முதலீட்டாளரின் கடமை.

ஐந்தாம் படி: ஒரு பங்குக்கான லாபம் எப்படி வளர்ந்தது என்று கேளுங்கள்

2016 நிதியாண்டில் ஹெச்பி தொடரும் தொழில்களிலிருந்து ஈட்டிய நிகர லாபம் சுமார் 2.7 பில்லியன், ஒரு பங்குக்கு 1.53 டாலர். 2024இல் நிகர லாபம் சுமார் 2.8 பில்லியன், ஒரு பங்குக்கு 2.81 டாலர். எட்டு ஆண்டுகளில் மொத்த லாபம் ஏறக்குறைய அசையவில்லை, பங்குக்கான லாபமோ 80 விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்திருக்கிறது. பிரிவினையின்போது சுமார் 180 கோடியாக இருந்த பங்குகளை நிறுவனம் தொடர்ந்து வாங்கி நீக்கிக்கொண்டே வந்ததால், அவை 100 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டன. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. மலிவான விலையில் வாங்கி நீக்கப்பட்டால் எஞ்சியிருக்கும் பங்குதாரருக்கு அது உண்மையான ஆதாயம். ஆயினும் இது தொழிலின் வளர்ச்சியன்று என்பதை அறிந்து வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்களைத் திகைக்க வைக்கும் இன்னொன்றும் வரும். ஹெச்பியின் இருப்புநிலைக் குறிப்பில் பங்குதாரர் நிதி (சொத்துகளிலிருந்து கடன்களைக் கழித்தால் மிஞ்சுவது) எதிர்மறையாக இருக்கும். டெல்லிலும் அதே நிலையைக் காணலாம். உடனே நிறுவனம் திவாலாகப் போகிறது என்று அஞ்ச வேண்டியதில்லை. ஈட்டியதைவிட அதிகமாகப் பங்குதாரர்களுக்குத் திருப்பிக் கொடுத்ததும், டெல்லின் விஷயத்தில் பெரிய கையகப்படுத்தல்களும் மறுசீரமைப்புகளும் சேர்ந்ததும் இதற்குக் காரணங்கள். ஆனால் இதன் விளைவாக, அந்த நிதியை வைத்துக் கணக்கிடும் புத்தக மதிப்பு விகிதமும் பங்கு மூலதனத்தின் மீதான லாப விகிதமும் இவ்விரு நிறுவனங்களுக்கும் பொருளற்றுப் போகின்றன. பங்குகளைத் தேர்ந்தெடுத்துத் தரும் செயலிகள் இந்த விகிதங்களைக் காட்டினால் அவற்றை ஒதுக்கிவிட்டுக் கடனைப் பாருங்கள்.

ஹெச்பியின் கடன் 10 பில்லியனை ஒட்டி இருக்கிறது. டெல்லின் கடன் 2025 ஜனவரி இறுதியில் சுமார் 24.6 பில்லியன். 2016இல் இஎம்சி என்ற தரவுச் சேமிப்பு நிறுவனத்தை சுமார் 67 பில்லியன் டாலர் மதிப்பில் வாங்கியபோது ஏற்பட்ட கடன் சுமையோடு ஒப்பிட்டால் இது வெகுவாகக் குறைந்த நிலை. மேலும் டெல்லின் கடனில் கணிசமான பகுதி, வாடிக்கையாளர்களுக்குத் தவணையிலும் குத்தகையிலும் கருவிகள் கொடுக்கும் நிதிப் பிரிவுக்கானது. அதற்கு எதிரே வரவேண்டிய தொகைகள் இருக்கின்றன. அறிக்கையில் இவை தனித்தனியே காட்டப்படுவதால் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஆறாம் படி: அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

டெல்லில் பல வகைப் பங்குகள் உள்ளன. சந்தையில் நாம் வாங்கும் பங்குக்கு ஒரு வாக்கு. நிறுவனர் மைக்கேல் டெல்லிடமும் சில்வர் லேக் முதலீட்டு நிறுவனத்திடமும் உள்ள சிறப்பு வகைப் பங்குகளுக்குப் பத்து வாக்குகள். நிறுவனரின் திறமைமீது நம்பிக்கை வைக்கிறவர்களுக்கு இது பிடிக்கும். 2013இல் அவரும் சில்வர் லேக்கும் சேர்ந்து ஒரு பங்குக்கு 13.75 டாலரும் சிறிய சிறப்பு டிவிடெண்டும் கொடுத்து நிறுவனத்தைச் சந்தையிலிருந்து விலக்கினார்கள். விலை போதாது என்று முதலீட்டாளர் கார்ல் ஐகான் உள்ளிட்ட பங்குதாரர்கள் எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் நிறுவனம் சந்தைக்குத் திரும்பியபோது, அப்போது டெல்லின் கட்டுப்பாட்டில் இருந்த மென்பொருள் நிறுவனமான விஎம்வேருடன் இணைக்கப்பட்டிருந்த தனி வகைப் பங்குகளை மாற்றிக்கொண்ட விலை குறித்து வழக்கு எழுந்தது. அதை 1 பில்லியன் டாலர் கொடுத்துச் சமரசமாக முடித்தார்கள். இவை பொதுப் பதிவில் உள்ளவை. இவற்றைப் படித்தபின் டெல் பங்கை ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பெரும்பான்மை வாக்கு ஒருவரிடம் இருக்கும்போது சிறுபங்குதாரரின் குரலுக்கு எவ்வளவு எடை என்பதை அறிந்தே வாங்க வேண்டும் என்பேன்.

ஹெச்பியில் அத்தகைய ஒற்றை அதிகாரம் இல்லை. ஆனால் சம்பள நிர்வாகிகள் நடத்தும் நிறுவனத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு: பிறர் பணத்தில் பெரிய விலைக்கு நிறுவனங்களை வாங்குவது. பழைய ஹெச்பி 2011இல் ஆட்டானமி என்ற பிரிட்டிஷ் மென்பொருள் நிறுவனத்தை சுமார் 11 பில்லியனுக்கு வாங்கி, அடுத்த ஆண்டே 8.8 பில்லியனை இழப்பாக எழுதித் தள்ளியது.

ஏழாம் படி: இப்போது விலைக்கு வாருங்கள்

கணக்கு விளங்குவதற்காக டெல் பங்கின் விலை 100 டாலர், ஹெச்பி பங்கின் விலை 30 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இவை சந்தை விலைகள் அல்ல. இரு நிறுவனங்களும் பங்குக்கான லாபத்தை இரண்டு விதமாக அறிவிக்கின்றன. முறையான கணக்கியல் விதிப்படி டெல்லுக்கு 6.38, ஹெச்பிக்கு 2.81. ஆட்குறைப்புச் செலவு, கையகப்படுத்தல் தொடர்பான தேய்மானம் போன்றவற்றை நீக்கி நிறுவனமே திருத்திக் காட்டும் கணக்கில் டெல்லுக்கு 8.14, ஹெச்பிக்கு 3.38. முதல் கணக்கில் பி.இ. விகிதம் டெல்லுக்கு சுமார் 15.7, ஹெச்பிக்கு 10.7. இரண்டாவதில் முறையே 12.3, 8.9. ஒருவருக்குத் திருத்திய எண்ணையும் மற்றவருக்கு விதிப்படியான எண்ணையும் எடுத்துவிட்டால் 12.3க்கும் 10.7க்கும் இடையே சிறிய இடைவெளிதான் என்று தோன்றும். இணையத்தில் உலவும் பல ஒப்பீடுகளில் இந்தக் கலப்படம் நடக்கிறது. ஆண்டுதோறும் ஆட்குறைப்பு நடத்தும் நிறுவனம் அதன் செலவை ‘ஒருமுறை மட்டும்’ என்று நீக்குவதை நான் ஏற்பதில்லை. ஆகவே விதிப்படியான எண்ணையே பயன்படுத்துமாறு பரிந்துரைக்கிறேன்.

அடுத்து, மிஞ்சிய ரொக்கத்தை மொத்தச் சந்தை மதிப்பால் வகுத்துப் பாருங்கள். மேற்சொன்ன விலையில் ஹெச்பியின் மதிப்பு சுமார் 30 பில்லியன்; 3.3 பில்லியன் ரொக்கம் என்றால் 11 விழுக்காடு. டெல்லின் மதிப்பு சுமார் 72 பில்லியன். 2025 நிதியாண்டில் மிஞ்சிய ரொக்கம் 2 பில்லியனை ஒட்டியே இருந்ததால் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. முந்தைய ஆண்டின் 5.9 பில்லியனை வைத்துக் கணக்கிட்டால் அதுவே 8 விழுக்காடு. எனவே மூன்று ஆண்டுச் சராசரியை எடுப்பதே நேர்மையான ஒப்பீடு.

மலிவாகத் தெரியும் ஹெச்பி உண்மையிலேயே மலிவா என்பதற்கு இரண்டாம் படியில்தான் விடை இருக்கிறது. அச்சு வருமானம் மெதுவாகத் தேய்ந்துகொண்டே போகும் என்று சந்தை கருதுவதால்தான் குறைந்த விகிதம். அந்தத் தேய்வு ஆண்டுக்கு ஓரிரு விழுக்காடாக இருந்தால் இந்த விலையில் நல்ல ஆதாயம். வேகமெடுத்தால் இதுவே அதிக விலை. டெல்லில் சர்வர் வளர்ச்சி தொடரும் என்ற எதிர்பார்ப்பு ஏற்கெனவே விலையில் சேர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி. சீரான ரொக்கமும் டிவிடெண்டும் வேண்டுகிற, காலாண்டுதோறும் நுணுக்கமாகப் பின்தொடர நேரமில்லாத புதியவருக்கு ஹெச்பியின் தொழில் புரிந்துகொள்ள எளிது என்பது என் கணிப்பு. டெல்லை வாங்குகிறவர் சர்வர் சந்தையைத் தொடர்ந்து படிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்கு

ஸ்ரீபெரும்புதூரில் டெல்லுக்கு ஆலை இருக்கிறது. ஹெச்பியின் கணினிகளும் அங்கே ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் வழியாகத் தயாராகின்றன. ஆனால் இவ்விரு பங்குகளும் இந்தியச் சந்தைகளில் பட்டியலிடப்படவில்லை. ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். முதலீட்டுக்காக அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு வங்கி 20 விழுக்காடு வரியை முன்கூட்டியே பிடிக்கும். அதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். டிவிடெண்டில் அமெரிக்காவில் 25 விழுக்காடு பிடித்தம் உண்டு. அதற்கும் இங்கே கழிவு கோரலாம். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் 12.5 விழுக்காடு நீண்டகால மூலதன ஆதாய வரி. ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் வருமான வரிப் படிவத்தின் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் அதைக் காட்டியாக வேண்டும். தவறினால் கறுப்புப் பணச் சட்டத்தின்கீழ் கடும் அபராதம் வரக்கூடும். அதிகம் பேசப்படாத இன்னொன்று, அமெரிக்கரல்லாதவர் இறக்கும்போது அவரிடம் 60,000 டாலருக்கு மேல் அமெரிக்கச் சொத்து இருந்தால் அந்நாட்டு மரபுரிமை வரி 40 விழுக்காடு வரை போகலாம் என்பது. தொகை பெரிதாகும் முன்பே ஒரு பட்டயக் கணக்காளரிடம் இதைப் பேசிவிடுங்கள்.

வாங்கிய அன்றே எழுதி வைக்க வேண்டியவை

எதற்காக வாங்கினீர்கள், எது நடந்தால் விற்பீர்கள் என்பதை வாங்கிய நாளிலேயே எண்களோடு எழுதி வையுங்கள். ஹெச்பிக்கு மை, டோனர் வருமானமும் அச்சுப் பிரிவின் லாப வரம்பும். டெல்லுக்கு உள்கட்டமைப்புப் பிரிவின் லாப வரம்பு, சரக்கிருப்பு, செயல்பாட்டு ரொக்கம் ஆகிய மூன்றும். இவ்விரு நிறுவனங்களும் பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இறுதியில், பெரும்பாலும் சில நாள் இடைவெளியில் காலாண்டு முடிவுகளை வெளியிடுகின்றன. அந்த வாரத்தில் இரண்டு அறிக்கைகளின் பிரிவுவாரி அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கம் வைத்து, உங்கள் குறிப்பேட்டில் இந்த வரிகளை மட்டும் நிரப்பிக்கொண்டு வந்தால் போதுமானது. பங்கு விலையை நாள்தோறும் பார்க்க வேண்டிய தேவை இருக்காது.